பெட்டியை எண்ணாதீங்க, கம்பியைக் கேளுங்க

புனேவுக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எனக்கு மாசம் ஒரு தடவையாவது அந்த ஃபார்வர்ட் வந்துவிடுகிறது. அமெரிக்கா கிரே சூப்பர் கம்ப்யூட்டர் தர மறுத்ததாம், நாமே 1991-இல் பரம் 8000 செய்து காட்டினோமாம், காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளணுமாம்.

தூக்கி விட்டுக்கலாம், தப்பில்லை. ஆனா எதுக்காக? அதிலிருந்த டிரான்ஸ்பியூட்டர் சில்லுகள் பிரிட்டனில் இன்மாஸ் கம்பெனி செய்தவை. விஜய் பட்கர் தலைமையில் சி-டாக் ஆட்கள் செய்த சாதனை, அவற்றைக் கோத்து ஒரே கணக்கில் உட்கார வைத்ததுதான். அதை மட்டும் எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை.

எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். கோர் பாங்கிங் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கிளையும் தன் லெட்ஜரைச் சாயங்காலத்துக்குள் டாலி செய்துவிடும். கிளைகளுக்கு இடையிலான கணக்கு? அது மாசக்கணக்கில் தொங்கும். குமாஸ்தாக்களைக் கூட்டினால் தீருமா? அட்வைஸ் தபாலில்தானே வரணும்! வானிலைக் கணக்கும் இதே கதைதான். தேசப் படத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்று கொடுத்தாலும், ஒவ்வொரு படியிலும் பக்கத்துத் துண்டின் ஓரத்துக் காற்றும் அழுத்தமும் தெரியாமல் யாரும் நகர முடியாது. மொத்தக் கூட்டல் என்று வந்தால், கடைசி ஆள் வரும்வரை ஆயிரம் பேர் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஆனா நம்ம பேப்பர்காரர்களுக்கு பெடாஃப்ளாப்ஸ் மட்டும் போதும். அந்த நம்பர் லின்பேக் பரீட்சையில் எடுத்த மார்க். கணக்கு அதிகம், பேச்சு கம்மி என்கிற சௌகரியமான பரீட்சை. ஜப்பானின் ஃபுகாகு அதில் 442 பெடாஃப்ளாப்ஸ். நிஜ விஞ்ஞானக் கணக்குக்குக் கொஞ்சம் கிட்ட வரும் ஹெச்பிசிஜி பரீட்சையிலோ வெறும் 16! நினைவகத்திலிருந்து எண்ணை எடுத்து வருவதிலும், பக்கத்து ஆளைக் கேட்பதிலும் நேரம் போய்விடுகிறது. அந்த 16-ஐ வைத்தே 2020-இலிருந்து பல வருஷம் அதிலும் முதலிடத்தில் இருந்தார்கள். சில்லோடு சேர்த்து, டோஃபு என்ற இணைப்பு வலையையும் (சாப்பிடும் டோஃபு இல்லை!) அவர்களே வடிவமைத்தது சும்மா இல்லை.

நாம்? 2003-இல் பரம் பத்மா உலகப் பட்டியலில் 171-ஆவது. அதில் ஓடியது சி-டாக்கின் சொந்த பரம்நெட்-2. 2008-இல் பரம் யுவா 69-ஆவது, அதில் பரம்நெட்-3. அப்புறம் 2020-இல் பரம் சித்தி 63-ஆவது. பெட்டி என்விடியாவுடையது, இணைப்பு மெல்லனாக்ஸுடையது. அதே வருஷம்தான் என்விடியா சுமார் 700 கோடி டாலர் கொடுத்து மெல்லனாக்ஸையே விழுங்கி முடித்திருந்தது. கம்பியின் விலை அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாம் ரேங்கைப் பார்த்துக் கை தட்டினோம்.

1980-களில் மறுக்கப்பட்ட கிரே, 2018-இல் இதே புனேவுக்குப் பிரத்யுஷ் என்ற பெயரில் வந்தே விட்டது, காசு கொடுத்து. வாங்கினது குற்றமில்லை, பருவமழை நமக்காகக் காத்திருக்காது. ஆனா 2015-இல் தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு ஒதுக்கினது 4500 கோடி. அதன் கீழ் சி-டாக் 'திரிநேத்ரா' என்ற சொந்த இணைப்பு வலையை உருவாக்கி வருகிறது. அந்தப் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

இதையே அந்தக் குழுவிலும் எழுதினேன். "பேங்க்காரருக்கு இதெல்லாம் எதுக்கு சார்?" என்று ஒருவர் கேட்டார்.

மாசாமாசம் வரி பிடிக்கிறான் சார், அதுக்குத்தான்.