உளி பிடித்த கைக்கு என்ன மதிப்பு?

"பால் வெட்டறது பெரிய வித்தையா? யாரு வேணும்னாலும் வெட்டலாம்" என்று பேசுவோரை நாம் பார்த்திருக்கிறோம். அப்படியா சங்கதி?

கிரீஸ் நாட்டில் கியோஸ் என்றொரு தீவு. அங்கே மரப்பட்டையைக் கையால் கீறி, வடியும் பிசினைச் சேர்க்கிறார்கள். அந்தக் கைப்பக்குவத்தை 2014-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் ஏற்றியது.

நம்மவர் செய்ததும் அது போன்ற வேலைதானே! விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம்; புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். ஆழம் குறைந்தால் மங்கு நிறையாது. இந்த அளவை எந்த ஏடும் சொல்லித் தரவில்லை. அம்மா கையைப் பார்த்து மகள் கற்றாள்.

மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டம் கண்ணால் காணும் கட்டடத்தை மட்டுமல்ல, கைத்திறனையும் மரபென்று ஏற்கிறது. ரப்பர் காடுகள் பல செம்பனையாகிவிட்டன. உளி பிடித்த கைகளுக்கோ வயதாகிறது. பதிவு செய்ய இதுவே நேரம்.

ஆனால் பட்டம் மட்டும் உலையில் அரிசி போடாது. கியோஸ் விவசாயிகள் 1938-லேயே சங்கம் கட்டிச் சேர்ந்து விற்றார்கள். பெருமை பிறகு வந்தது. தோட்டத்தில் நமக்கு மரமும் சொந்தமில்லை, விலையும் நம் கையில் இல்லை. ஆகவே மரியாதையோடு நியாயமான கூலியையும் சேர்த்தே கேட்போம்.

பெற்றோர்களே, வீட்டிலுள்ள பழைய உளியை இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். அதன் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.