நெல்லுக்குச் சேர்த்த கணக்கு நூலுக்கும் வேண்டும்

நெல்லுக்கான ஆதரவு விலை அறிவிக்கப்படும்போதெல்லாம் தஞ்சைப் பகுதி விவசாயிகள் முதலில் கேட்பது, இதில் எங்கள் பாடு சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு ஓரளவு பதிலும் கிடைத்திருக்கிறது. 2018-19 பட்ஜெட்டுக்குப் பிறகு, மத்திய அரசு ஆதரவு விலைக்கு அடிப்படையாகக் கொள்ளும் உற்பத்திச் செலவில் விதை, உரம், ஆள்கூலி ஆகியவற்றோடு குடும்ப உழைப்பும் சேர்கிறது. 2025-26 பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு ஒரு குவிண்டாலுக்கான செலவு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டு, 2,369 ரூபாய் விலை வைத்தார்கள். அந்த 1,579-க்குள், கூலி வாங்காமல் சொந்த வயலில் களை பறித்த மனைவியின் உழைப்பும், தண்ணீர் கட்டப் போன மகனின் உழைப்பும் பணமாக மதிப்பிடப்பட்டிருக்கின்றன. இது போதாது, நிலத்தின் குத்தகை மதிப்பும் முதலீட்டுக்கான வட்டியும் சேர வேண்டும் என்று விவசாயச் சங்கங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்பது நியாயம். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையில் 2004 முதல் 2006 வரை இயங்கிய தேசிய விவசாயிகள் ஆணையமும், செலவுக்கு மேல் பாதியாவது கூடுதலாக விலை கிடைக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் வீட்டு ஆள் உழைத்தாலும் உழைப்புக்கு விலை உண்டு என்று இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்த இதே மண்ணில், கூடத்தில் உட்கார்ந்து குரோஷா ஊசியில் பை பின்னி விற்கும் பெண்ணிடம் நாம் நூல் விலையை மட்டும்தான் விசாரிக்கிறோம். அவளும் அதைத்தான் சொல்கிறாள். இந்த வழக்கம் மாற வேண்டும். மாற்றத்தைத் தொடங்க வேண்டியவர்கள் பொழுதுபோக்காகப் பின்னி விற்பவர்கள்தான் என்பது என் கருத்து.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும் வீட்டிலிருந்தே கைவேலை செய்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஒயர் கூடை, உல்லன் தோரணம், பட்டு நூல் வளையல், இப்போது குரோஷாவில் பிள்ளைகளுக்குத் தொப்பி, பொம்மை, கைப்பை. ஒரு கைப்பைக்கு நூலும் உள்துணியும் 200 ரூபாய், பின்னுவதற்கு எட்டு மணி நேரம், விற்கும் விலை 350 என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது 150. மணிக்குப் பத்தொன்பது ரூபாய்கூடத் தேறவில்லை. 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் ஒரு நாள் வேலை என்றால் மணிக்கு 42. நூறு நாள் வேலையின் கூலி யாரையும் வாழவைத்துவிடும் கூலி அல்ல. அதிலும் பாதிக்குக் கீழேதான் இந்தப் பை நிற்கிறது. இத்தனைக்கும் இதில் முதல் பை சரியாக வராமல் உருவிப் போட்ட நேரத்தைச் சேர்க்கவில்லை. குரோஷா தெரிந்தவர்களுக்கு இது புரியும்: ஒரு சுற்றில் ஒரு தையல் விட்டுப்போனால் உடனே கண்ணில் படாது. பத்துச் சுற்று ஏறிய பிறகு பை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். பிறகு அதுவரை போட்டதையெல்லாம் உருவி, சுருண்டுபோன நூலை நீவிச் சுற்றி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஸ்வெட்டர் பின்ன இயந்திரம் இருக்கிறது, துணி நெய்யவும் பூத்தையல் போடவும் இருக்கிறது. குரோஷாவை அப்படியே பின்னித் தள்ளும் தொழிற்சாலை இயந்திரம் மட்டும் இன்னும் வரவில்லை. ஒரே ஊசி, ஒரு நேரத்தில் ஒரே வளையம், ஒவ்வொரு வளையத்தையும் வேறொரு வளையத்துக்குள் நுழைத்து இழுக்க வேண்டியிருப்பதால் கைதான் இதற்கு இயந்திரம். ஜவுளிக் கடையில் முந்நூறு ரூபாய்க்குத் தொங்கும் குரோஷா மேலாடை, அச்சு அசலாகத் தெரியும் வேறு வகைப் பின்னலாக இல்லாத பட்சத்தில், எங்கோ ஒரு பெண் கையால் போட்டதுதான். விலை மலிவாக இருக்கிறதே என்று நாம் மகிழும்போது, இயந்திரம் மிச்சப்படுத்திய காசு என்று நினைத்துவிடுகிறோம். அது அவள் கூலியில் குறைத்த காசு.

அந்தப் பெண் எங்கே இருந்தாள், அவளுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு நம் பக்கத்து மாநிலத்திலேயே ஆவணம் இருக்கிறது. ஆந்திரத்தில் கோதாவரி டெல்டாவின் நரசாபுரம், நம்மைப் போலவே நெல் விளையும் பூமி. கொள்ளிடத்தில் 1830-களில் மேலணையும் கீழணையும் கட்டிய ஆர்தர் காட்டன்தான் அங்கே தவளேஸ்வரத்தில் அணை கட்டி அந்த டெல்டாவையும் செழிக்க வைத்தவர். 19-ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக அங்கே நுழைந்த லேஸ் பின்னல் பிறகு பெரிய ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. 1970-களின் இறுதியில் அங்கே ஆய்வு செய்த ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ், 1982-இல் நரசாபுரத்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஐரோப்பிய வீடுகளின் மேசைகளுக்குப் போன அந்த விரிப்புகளை ஒருத்தியே முழுதாகப் போடவில்லை. ஒருத்தி பூ மட்டும் போடுவாள், இன்னொருத்தி பூக்களை இணைப்பாள். நூலைக் கொடுத்துச் சரக்கை வாங்கிக்கொள்ளும் இடைத்தரகர் நடுவில், ஏற்றுமதியாளர் உச்சியில். நாளெல்லாம் பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது வயலில் கூலிக்குப் போன பெண்ணின் நாள்கூலியைவிடக் குறைவு. இது எப்படி நடந்தது என்பதற்கு மீஸ் சொன்ன காரணம் முக்கியமானது. பின்னியவர்களில் பலர் ஓரளவு மதிப்புள்ள விவசாயச் சாதிக் குடும்பத்துப் பெண்கள். வெளியே வேலைக்குப் போகாமல் வீட்டோடு இருப்பது அவர்களுக்குக் கௌரவம். அதனால் அவர்கள் தொழிலாளிகளாகக் கணக்கிலேயே வரவில்லை. வீட்டுக்காரிகள், சும்மா இருக்கும் நேரத்தில் ஏதோ பின்னுகிறார்கள் என்றே ஊர் சொன்னது, வியாபாரி சொன்னார், அவர்களே சொன்னார்கள். அந்த ஒரு நம்பிக்கையின் மீதுதான் முழு ஏற்றுமதியும் நின்றது. நரசாபுரம் குரோஷா லேஸுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, நல்லது. பின்னியவளின் மணி நேரத்துக்குக் குறியீடு பாதுகாப்புத் தராது.

நம் ஊரில் அப்படிப்பட்ட ஏற்றுமதி வலை இல்லை, ஊசி எடுப்பவர்கள் விருப்பத்தோடுதான் எடுக்கிறார்கள் என்று சொல்லலாம். உண்மைதான். இந்த விருப்பம் எவ்வளவு பெரிது என்பதற்குச் சென்னையே சாட்சி. மதர் இந்தியாஸ் குரோஷே க்வீன்ஸ் என்ற பெண்கள் குழு பல ஊர்களிலிருந்தும் சதுரங்களைச் சேர்த்து, 2016 ஜனவரியில் 11,148 சதுர மீட்டர் போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. விருப்பத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சந்தையில் விருப்பமும் தேவையும் ஒரே மேசையில்தான் கடை விரிக்கின்றன. டெல்டா கிராமங்களில் நடவுக்கு இயந்திரம், அறுப்புக்கு இயந்திரம் என்றான பிறகு பெண்களுக்கு வயலில் கிடைக்கும் நாட்கள் சுருங்கிவிட்டன. சம்பா அறுவடை முடிந்து, குறுவைக்கு மேட்டூர் அணை திறக்கும் வரை உள்ள மாதங்கள் இன்னும் வறண்டவை. அந்த மாதங்களில் மகளிர் சுய உதவிக் குழுவில் பின்னல் கற்றுக்கொண்டு கூடையும் பையும் போடுபவளுக்கு அது அடுப்பெரியும் காசு. பக்கத்து மேசையில், கணவர் சம்பளத்தில் வீடு நடக்கும் ஒருவர் அதே பையை, நூல் காசு வந்தால் போதும் என்று வைக்கும்போது, வாங்குபவர் கண்ணில் அதுவே பையின் விலையாகிவிடுகிறது. விலையைக் குறைத்தவருக்கு நஷ்டம் இல்லை. அடுத்த மேசைக்காரிக்கு நஷ்டம். இதை வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. பெரும்பாலும் கூச்சத்தினால்தான் நடக்கிறது. ஆனாலும் விளைவு அதுதான்.

ஆசைக்குச் செய்வதற்கு எதற்குக் கூலி, அந்தச் சந்தோஷமே கூலிதானே என்று சிலர் கேட்பார்கள். இதற்குத் திருவையாற்றில் பதில் இருக்கிறது. தியாகராஜ ஆராதனைக்கு வரும் வித்வான்கள் அங்கே சன்மானம் வாங்காமல் பாடுவது வழக்கம். அது காணிக்கை. அதே வித்வான் மறுவாரம் சபாவில் பாடினால் சம்பாவனை உண்டு, அதனால் அவருக்குச் சங்கீதத்தின் மீது ஆசை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. அக்காள் பிள்ளைக்குத் தொப்பி பின்னிக் கொடுங்கள், ஒரு பைசா வாங்காதீர்கள், அது காணிக்கை போலத்தான். விலை போட்டு விற்கத் தொடங்கிவிட்டால் அது வேறு கணக்கு. பாதிக் காணிக்கை, பாதி வியாபாரம் என்ற இடைநிலையில்தான் எல்லாக் குழப்பமும் பிறக்கிறது. இன்னொன்று: முதல் பொம்மையைப் பின்னும் ஆசை உண்மையானது. யாரோ கேட்டதற்காக அதே பொம்மையை அதே நிறத்தில் பதினைந்தாவது முறை பின்னும்போது கைவலிதான் மிஞ்சும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம், இந்த ஊரில் அந்த விலைக்கு யார் வாங்குவார்கள் என்பது. பேரம் பேசாமல் கீரைக்கட்டுகூட வாங்காத ஊர் இது என்பது உண்மைதான். ஆனால் இதே ஊரில் முகூர்த்தப் பட்டுப்புடவைக்கு ஆரி வேலை செய்த ரவிக்கை ஆயிரக்கணக்கில் போகிறது. ஆரியும் கொக்கி வைத்த ஊசிதான். ஆரி போன்ற கொக்கித் தையல் ஐரோப்பாவுக்குப் போய், துணியை விட்டு வெளியேறி நூல் மட்டும் நின்றதுதான் குரோஷா என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. ஆரி ரவிக்கைக்குச் சொல்லும் விலையைக் கேட்டு யாரும் நூலும் மணியும் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதில்லை, எத்தனை நாள் வேலை என்றுதான் கேட்கிறார்கள். காரணம், அந்த வேலை தையல் கடையிலிருந்து வந்தது. கடையில் நாள்கணக்கு இருந்தது. குரோஷா வீட்டுக் கூடத்திலிருந்து வந்ததால் அந்தக் கணக்கு இல்லாமலே சந்தைக்கு வந்துவிட்டது. மக்களுக்குக் கொடுக்க மனமில்லை என்பதைவிட, எதற்குக் கொடுக்கிறோம் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதே சரி. இதற்கு மேலும் சில பொருள்கள் நியாய விலைக்கு விற்கவே விற்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மேசை விரிப்புக்கு நாற்பது மணி நேரம் போனால், நூல் நீங்கலாகக் கூலி மட்டும் 1,680 ரூபாய். தஞ்சாவூரில் அதற்கு ஆள் கிடைப்பது கடினம். அப்படியானால் அதை விற்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டு மணி நேரத்தில் முடியும் பொருளுக்கு மாறலாம். பாதி விலைக்கு விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம், பொழுதுபோக்குக்காரருக்கு நிச்சயம் இல்லை.

சும்மா இருக்கிற நேரத்தில் செய்வதுதானே என்ற பேச்சையும் விட்டுவிட முடியாது, ஏனென்றால் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. 2024-ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். சமையலும் பாத்திரமும் துணியும் முடிந்த பிறகு கிடைக்கும் மத்தியான நேரத்தில்தான் ஊசி கைக்கு வருகிறது. அது மிச்சம் கிடந்த நேரமல்ல, தூங்கியிருக்க வேண்டிய நேரம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் திட்டத்துக்கு உதவித்தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்தது சரியான முடிவு. வீட்டுக்குள் நடக்கும் உழைப்புக்கு மதிப்பு உண்டு என்று அரசே சொன்ன பிறகு, விற்பதற்கென்றே செய்யும் உழைப்புக்கு மதிப்பில்லை என்று எப்படிச் சொல்வது? பீடி சுற்றும் பெண்கள் வீட்டில் இருந்தபடி வேலை செய்தாலும் தொழிலாளர்களே என்று 1966-ஆம் ஆண்டின் பீடித் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. பின்னலுக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியது எளிது. விலைச் சீட்டில் மூன்று வரி எழுதலாம்: நூல் இவ்வளவு, நேரம் இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு. மணிக்குக் குறைந்தது 42 ரூபாய் என்பதைத் தரையாக வைத்துக்கொள்ளலாம். கைத்தேர்ச்சி உள்ளவர்கள் அதற்கு மேலே போகட்டும். நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் கல்லூரி வளாகங்களிலும் திருமண மண்டபங்களிலும் விற்பனை மேசை போடுபவர்கள், இந்தச் சீட்டு இல்லாத கைவேலையை ஏற்க மாட்டோம் என்று முடிவு செய்தால் போதும். சுய உதவிக் குழுக்களின் பொருள்களை விற்கும் மதி அங்காடிகளும் இதையே செய்யலாம். ஆனால் ஏழைப் பெண்ணின் தலையில் முதலில் இதைச் சுமத்தக் கூடாது. இன்றைக்கு அரிசி வாங்க ஐம்பது ரூபாய் வேண்டும் என்பவளிடம் விலையில் உறுதியாக நில் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவளால் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடிந்தவர், விற்காவிட்டால் பரவாயில்லை என்று பையை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடியவர், அவர்தான் முதலில் 350-ஐ அடித்துவிட்டு 536 என்று எழுத வேண்டும். லாபம் சேர்க்காத விலை அது, நூலும் ஒரு நாள் கூலியும் மட்டும். வாங்க வந்தவர் ஏன் இவ்வளவு என்று கேட்பார். எட்டு மணி நேரம் என்று சொல்லிச் சீட்டைக் காட்டலாம். சிலர் வைத்துவிட்டுப் போவார்கள், சிலர் வாங்குவார்கள், எந்தப் பொருள் நிற்கும், எது நிற்காது என்பது ஒரு தீபாவளிக்குள் தெரிந்துவிடும்.