வண்டி வந்துவிட்டது, பிஸ்டன் எப்போது வரும்?

2024 நவம்பர் 14 அன்று கே.டி.எம். நிறுவனம் ஆஸ்திரியாவிலிருந்து நேரடியாக இறக்குமதியாகும் தன் பெரிய வண்டிகளை இந்தியச் சந்தையில் அறிமுகம் செய்தது. பெங்களூரு முதலிய சில பெருநகர விற்பனையகங்களில் அவை காட்சிக்கு வந்தன. நெடும்பயண வண்டிகளோடு, மண்தடத்திலும் காட்டுப் பாதையிலும் மட்டுமே ஓடக்கூடிய 350 இ.எக்ஸ்.சி.-எஃப், 450 எஸ்.எக்ஸ்.-எஃப் போன்ற 'டர்ட் பைக்'குகளும், சிறுவர்களுக்கான 50, 65, 85 சிசி வண்டிகளும் பட்டியலில் இருந்தன. முதலாவதன் விலை ஏறத்தாழ 13 இலட்சம் ரூபாய். இரண்டாவது 10 இலட்சத்துக்குச் சற்று மேல். பதினைந்தே நாள்களில், நவம்பர் 29 அன்று, அதே கே.டி.எம். ஆஸ்திரிய நீதிமன்றத்தில் திவால் மறுசீரமைப்பு கோரி மனுச் செய்தது. டிசம்பரில் மாட்டிக்கோஃபன் ஆலையின் உற்பத்தி நின்றது. 2025 மார்ச்சில் தொடங்கி, மீண்டும் நின்று, ஜூலை இறுதியில் மறுபடி தொடங்கியது.

இந்தப் பதினைந்து நாள் இடைவெளியைச் சூழ்ச்சி என்று நான் சொல்லவில்லை. பெருநிறுவனங்களின் விற்பனைத் துறை ஒரு காலக்கணக்கிலும் நிதித் துறை இன்னொரு காலக்கணக்கிலும் இயங்குவது புதிதன்று. என் அக்கறை வேறு. இறக்குமதியாகும் ஓர் இயந்திரத்தை வாங்கும்போது நாம் உண்மையில் எதை வாங்குகிறோம், அந்த உறவின் எந்தப் பகுதியைச் சட்டம் காக்கிறது, எந்தப் பகுதி வாங்குபவரின் தலையில் விடப்படுகிறது என்பதைப் பேச இதைவிடத் தெளிவான நிகழ்வு அண்மையில் கிடைக்கவில்லை.

மண்தட வண்டிகளின் இயல்பை முதலில் சொல்லிவிட வேண்டும். சாலை வண்டியை மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். சாலை வண்டியின் பராமரிப்பைக் கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். போட்டி மரபில் பிறந்த இவ்வண்டிகளின் பராமரிப்போ மணிக்கணக்கில் அளக்கப்படுகிறது. எஞ்சினில் ஊற்றப்படும் எண்ணெய் ஒரு லிட்டரைச் சற்றே மிஞ்சும். பத்து, பதினைந்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். காற்று வடிகட்டியை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் கழுவ வேண்டும். போட்டிப் பயன்பாட்டில் பிஸ்டனையே ஐம்பது முதல் நூறு மணி நேரத்தில் மாற்ற நேரிடும். வார இறுதியில் நான்கு மணி நேரம் பயிற்சி செய்யும் ஒருவருக்கு ஆண்டுக்கு இருநூறு மணி நேரம் ஆகிறது. அதாவது இரண்டு முதல் நான்கு பிஸ்டன்கள். ஆகவே இங்கே உதிரிபாகம் என்பது எப்போதோ ஒருநாள் தேவைப்படுவதன்று. அரிசி வாங்குவதுபோலத் தொடர்ந்து வாங்க வேண்டிய பொருள் அது. மூன்று மாதம் பிஸ்டன் வராவிட்டால் 10 இலட்சம் ரூபாய் வண்டி கொட்டகையில் நிற்கும். ஓட்டுபவரின் அந்த ஆண்டுப் போட்டிக்காலம் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவ்வண்டிகள் இந்தியாவில் சாலையில் ஓட்டுவதற்குரியவை அல்ல. ஐரோப்பாவில் விளக்கும் பதிவு எண்ணும் பெற்று ஊருக்குள் ஓடும் எண்டியூரோ வகை வண்டிகூட இங்கே மூடிய தடத்துக்கு மட்டுமே விற்கப்படுகிறது. பதிவு எண் இல்லாததால் அரசின் 'வாகன்' தரவுத்தளத்தில் அதற்கு இடமில்லை. எந்த மாதிரியில் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, எத்தனைக்கு உதிரிபாகம் தேவை என்னும் கணக்கு இறக்குமதியாளரின் புத்தகத்தில் மட்டுமே இருக்கும். குறை எழுந்தால் உரிமையாளர்கள் ஒருவரையொருவர் கண்டறிவதே கடினம். சர்வீசுக்குக் கொண்டுபோகவும் வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

கே.டி.எம். விவகாரம் பேரழிவில் முடியவில்லை. 2007 முதல் அதில் பங்குதாரராக இருந்த பஜாஜ் நிறுவனம், 2025 மே மாதத்தில் 80 கோடி யூரோ அளவிலான நிதி ஏற்பாட்டை அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் கட்டுப்பாடு அதன் கைக்கு வந்தது. கடன் கொடுத்தவர்கள் தமக்கு வரவேண்டிய தொகையில் 30 விழுக்காட்டைப் பெற்றுக்கொள்ள இசைந்தனர். புனே அருகிலுள்ள சாக்கன் ஆலையில் உருவாகும் சிறிய கே.டி.எம். வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொந்தளிப்பு பெரிதாக உறைத்திருக்காது. ஆனால் மீட்பர் இந்தியராக அமைந்தது ஒரு தற்செயல். மீட்பர் வேறு நாட்டவராக இருந்து, இந்தியாவில் விற்ற சில நூறு மண்தட வண்டிகள் தமக்கு இலாபமற்ற சுமை என்று முடிவுசெய்திருந்தால், நம் நுகர்வோர் சட்டத்தின் எந்தப் பிரிவு மாட்டிக்கோஃபனிலிருந்து ஒரு பிஸ்டனை வரவழைத்திருக்கும்?

தற்செயல் எல்லா நேரமும் கைகொடுப்பதில்லை. தென்கொரியாவின் ஹியோசங் வண்டிகள் பத்தாண்டுக்குள் இந்தியாவில் மூன்று கைகள் மாறின: முதலில் கார்வாரே, பின்பு புனேயின் டி.எஸ்.கே., 2018-இல் கைனடிக். இத்தாலியப் பெயர்கொண்ட பெனெல்லியும் டி.எஸ்.கே. வழியாகவே வந்தது, அக்குழுமம் நிதி நெருக்கடியில் மூழ்கியபோது, 2018-இல் ஐதராபாத்தின் ஆதீஸ்வர் ஆட்டோ ரைடு நிறுவனத்திடம் போயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும், பழைய முகவர் தந்த உத்தரவாதத்தைப் புதியவர் ஏற்பாரா என்னும் கேள்வியோடு வாங்கியவர்கள் காத்திருந்தனர். ஹார்லி-டேவிட்சன் இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. 2020 செப்டம்பரில் இந்திய உற்பத்தியையும் நேரடி விற்பனையையும் நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த மாதம் ஹீரோ மோட்டோகார்ப் அதன் விற்பனையையும் பராமரிப்பையும் ஏற்றது. இடையில் தவித்தவர்கள் வண்டி வைத்திருந்தோர் மட்டுமல்லர். 30-க்கும் மேற்பட்ட முகவர்களும், அவர்களிடம் பல ஆண்டுப் பயிற்சி பெற்ற மெக்கானிக்குகளும் தவித்தனர். வாகன முகவர்களின் கூட்டமைப்பு தங்களுக்கெனப் பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று தொடர்ந்து கோருவது இதனால்தான். கடைக்கு முதலிட்டவர் உள்ளூர்க்காரர், கடனும் அவருடையது. வெளியேறும் முடிவு மட்டும் கடல் கடந்து எடுக்கப்படுகிறது.

இந்நாட்டில் இறக்குமதி மோட்டார் சைக்கிள் பற்றிய பொதுவிவாதம் முழுவதும் சுங்கவரியைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. அமெரிக்க அதிபரே ஹார்லிக்காக இதைப் பேசினார். 2025 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில், முழுதாக இறக்குமதியாகும் 1600 சிசி வரையிலான வண்டிகளுக்கான வரி 50-இலிருந்து 40 விழுக்காடாகக் குறைந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்டவற்றின் ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு ஆயிற்று. வரி ஏறினாலும் இறங்கினாலும் நாளிதழில் தலைப்பு வருகிறது. பத்தாண்டுக்கு உதிரிபாகம் தர யார் பொறுப்பு என்பது குறித்து ஒரு பெட்டிச் செய்திகூட நான் கண்டதில்லை.

இங்கே பெங்களூருக்கே உரிய ஓர் ஒப்பீட்டைச் சொல்ல வேண்டும். மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1960-களின் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாக்கியத் தொழில்நுட்பத்தில் ஜாவா வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியது; பின்னர் அவை எஸ்டி என்னும் பெயரில் வந்தன. கிக் அடிப்பதற்கும் கியர் மாற்றுவதற்கும் ஒரே நெம்புகோல் கொண்ட விசித்திர வண்டி அது. 1996-இல் ஆலை மூடப்பட்டது. உத்தரவாதம் தர ஆள் இல்லை, தாய் நிறுவனம் இல்லை, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையமும் இல்லை. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறன்று பெங்களூரிலும் மைசூரிலும் அவ்வண்டிகள் வரிசையாக ஓடிவருகின்றன. எப்படி?

பழம்பொருள் மீதான காதல் மட்டும் இதற்கு விடையாகாது. அந்த வண்டியின் அறிவு ஆலையின் மதிலுக்குள் அடைபட்டிருக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டு உற்பத்தியில் அது தெருப் பட்டறைகளில் பரவியிருந்தது. கார்புரேட்டரைக் கழற்றத் திருப்புளி போதும், கடவுச்சொல் வேண்டியதில்லை. பிஸ்டன் வளையமும் கிளட்ச் தட்டும் ஜே.சி. சாலைக் கடைகளில் கிடைத்தன. கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்துகொண்டார்கள். தமிழ், கன்னடம், உருது என்று மூன்று மொழியும் கலந்து பேசும் சிவாஜிநகர்ப் பட்டறைகளில் ஒரு தலைமுறை மெக்கானிக் அடுத்த தலைமுறைக்குக் கையால் சொல்லிக்கொடுத்தார். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடைக்கிடையிலும் பழைய மொரிஸ் மைனரும் மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில் ஓடியதை ஈழ நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இதே வகை அறிவு. தொழில்நுட்ப வரலாற்றாய்வாளர் டேவிட் எட்ஜர்டன், புதுப்புனைவின் வரலாற்றை விடப் பயன்பாட்டின், பராமரிப்பின் வரலாறே ஒரு சமூகத்தின் தொழில்நுட்பத்தைச் சரியாகக் காட்டும் என்று வாதிட்டார். ஜே.சி. சாலையில் ஒரு பிற்பகல் நின்று பார்த்தவருக்கு அவர் நூலில் பாதி விளங்கிவிடும்.

இன்றைய இறக்குமதி வண்டியோ அந்தப் பட்டறைக்கு முதுகு காட்டுகிறது. எரிபொருள் செலுத்தலை மின்னணுக் கட்டுப்பாட்டகம் ஆள்கிறது. பிழைக்குறியை முழுமையாகப் படிக்க நிறுவனத்தின் கருவியும் மென்பொருளும் வேண்டும். மெக்கானிக்கின் திறமை குறைந்துபோகவில்லை. அவருக்கு முன் ஒரு பூட்டு வைக்கப்பட்டுள்ளது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இதே பூட்டுக்காகத்தான்: உதிரிபாகத்தையும் ஆய்வுக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தர மறுத்தமைக்காக. தீர்ப்பு மேல்முறையீடுகளில் சிக்கியது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்து, வாகனங்களையும் அதன் நான்கு துறைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. தனிச் சட்டம் இன்னும் வரவில்லை.

பணக்காரர் சிலரின் பொழுதுபோக்குக்கு இவ்வளவு ஆய்வா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; ஆனால் மண்தட ஓட்டம் அத்தனை பேருக்கும் பொழுதுபோக்கன்று. 2015-இல் டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் இந்நகரத்தவர், கோலார் அருகே அவர் அமைத்த பயிற்சித் தடத்தில் பலர் பயில்கின்றனர். 65 சிசி வண்டியில் ஒரு சிறுமி இன்று பயிற்சி தொடங்குகிறாள் என்றால், அவள் பெற்றோர் வாங்கியது ஒரு பொம்மையா, ஒரு தொழில்வாழ்வின் முதல் படியா என்பதை அடுத்த ஐந்தாண்டு உதிரிபாக வரத்து தீர்மானிக்கும். மேலும், இந்தக் கதை மோட்டார் சைக்கிளோடு நிற்பதில்லை. இதைப் படிக்கும் உங்களில் பலருடைய ஆய்வகத்தில், முகவர் மாறியதால் ஓர் அட்டை கிடைக்காமல் துணி போர்த்தி நிற்கும் இறக்குமதிக் கருவி ஒன்றாவது இருக்கும். கொள்முதல் குழுவில் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டதுபோல, பழுதானால் யார் வருவார் என்பதை எத்தனை பேர் ஒப்பிட்டோம்?

உள்ளூர் உற்பத்தியே தீர்வு என்று சொல்வோருக்குப் பாதி நியாயம் உண்டு. 2024 டிசம்பரில் 3.30 இலட்சத்துக்கு வந்த கவாசாகி கே.எல்.எக்ஸ். 230, இங்கேயே தயாராகத் தொடங்கியதும் 2025-இல் ஏறத்தாழ 2 இலட்சத்துக்கு இறங்கியது. ஹீரோவின் எக்ஸ்பல்சும் ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயனும் மண்பாதையை நடுத்தர வர்க்கத்துக்குத் திறந்துவிட்டன. அவற்றின் உதிரிபாகம் சிற்றூரிலும் கிடைக்கும். ஆனால் போட்டிக்கான உயர்வகை வண்டிகள் ஆண்டுக்குச் சில நூறுதான் விற்கும் என்னும்போது எந்த நிறுவனமும் இங்கே ஆலை வைக்காது. அவை இறக்குமதியாகத்தான் வரும், வரவும் வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனம் கதவடைத்தால் பாதிக்கப்பட்டவருக்கு எஞ்சுவது இங்குள்ள விற்பனையாளர் மட்டுமே. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதி செய்பவரையும் 'விற்பனையாளர்' என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. அது நல்ல முன்னேற்றம். ஆனால் சட்டம் இழப்பீட்டைப் பேசுகிறது, பிஸ்டனைப் பேசவில்லை. இதற்கு முன்மாதிரி நம் விதிகளிலேயே கிடக்கிறது. பயன்படுத்திய வாகனத்தை இறக்குமதி செய்பவர், ஐந்தாண்டுக்கு அது ஓடும் தகுதியுடையது என்றும், அக்காலத்தில் நாட்டுக்குள்ளேயே சர்வீஸ் வசதி உண்டு என்றும் உறுதி தர வேண்டும் என்கிறது இறக்குமதிக் கொள்கை. பழைய வண்டிக்குக் கேட்கும் அதே உறுதியைப் புதிய வண்டிக்கும் கேட்கலாம். காகித உறுதியாக விட்டுவிடாமல் அதன் பின்னால் பணத்தையும் வைக்கச் சொல்லலாம். வண்டி விலையில் ஒரு சிறு விழுக்காட்டைத் தனி வைப்புக் கணக்கில் இறக்குமதியாளர் செலுத்தட்டும். அவர் கடையை மூடினால் அத்தொகை உதிரிபாகக் கையிருப்பு வாங்குவதற்குச் செல்லட்டும். வெளியேறும் நாளில் சர்வீஸ் கையேடும் ஆய்வு மென்பொருளும் வெளிப் பட்டறைகளுக்குத் திறக்கப்படட்டும். விலை கொஞ்சம் ஏறும். 13 இலட்சம் கொடுப்பவர் அதைத் தாங்குவார்.

அதுவரை புதிய முகவரிடம் போகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்க வேண்டியவை சில. பிஸ்டன், கிளட்ச், வால்வு, வடிகட்டி ஆகியவற்றின் கையிருப்பு இந்தியாவில் எந்த ஊர்க் கிடங்கில் இருக்கிறது? வெளிநாட்டிலிருந்து தருவித்தால் எத்தனை நாள்? பயிற்சி பெற்ற மெக்கானிக் எத்தனை பேர், அவர்கள் பெங்களூரிலேயே இருக்கிறார்களா? முகவர் உரிமை முடிந்தால் உத்தரவாதத்தை யார் ஏற்பார்? வண்டியின் வண்ணத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசும் விற்பனையாளர் இவற்றுக்கு என்ன பதில் சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டத் துறையிலும் இயந்திரப் பொறியியலிலும் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் என் பக்கத்தில் அடிக்கடி எழுதுகிறீர்கள். இந்நகரின் வெளிப் பட்டறைகளில் மின்னணு எரிபொருள் செலுத்தல் வண்டிகளைப் பழுதுபார்ப்போர் எப்படிக் கற்றுக்கொண்டார்கள், எந்தக் கருவியை எவ்வழியில் பெற்றார்கள் என்பதை ஆவணப்படுத்தும் வேலை காத்திருக்கிறது. கன்னடமும் தமிழும் பேசத் தெரிந்த இருவர் சேர்ந்து செய்தால் ஆறு மாதத்தில் நல்ல களத்தரவு கிடைக்கும். ஆர்வமுள்ளவர்கள் எழுதுங்கள், ஜே.சி. சாலையில் எந்தக் கடையிலிருந்து தொடங்கலாம் என்று சொல்கிறேன்.