அறிந்தால் அழகு கெடுமா?

எதையும் ஆராய்ந்தால் அதன் மாயம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். படித்தவர்களே அதைப் பெருமையோடு சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை பிழையானது மட்டுமல்ல, தீங்கானதும்கூட.

இதற்குப் பெரிய மனிதர்களின் பக்கபலமும் உண்டு. 1817 டிசம்பர் 28 அன்று லண்டனில் ஓவியர் ஹெய்டன் வீட்டு விருந்தில், வானவில்லைப் பட்டகத்தின் நிறங்களாகச் சுருக்கி அதன் கவிதையை நியூட்டன் அழித்துவிட்டார் என்று கவிஞர் கீட்ஸும் கட்டுரையாளர் லாமும் ஒரே குரலில் குறைபட்டார்கள். நூறாண்டு கழித்து, 1917இல், சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் மியூனிக் உரையில் நவீன உலகை மாயம் நீங்கிய உலகம் என்றார். அவர் ஒரு போக்கை விளக்கினார். பின்னால் வந்தவர்கள் அதை ஒப்பாரியாக்கிவிட்டார்கள்.

வானவில்லையே எடுத்துக்கொள்வோம். மழைத்துளிக்குள் புகுந்து திரும்பும் ஒளி, சூரியனுக்கு நேர் எதிர்த்திசையிலிருந்து ஏறத்தாழ 42 பாகைக் கோணத்தில் கண்ணை எட்டுகிறது. அப்படியானால், அருகில் நிற்பவர் பார்ப்பது வேறு துளிகளின் ஒளியை. உங்கள் வில் உங்களுக்கு மட்டுமே உரியது. அதற்கு வெளியே நிறங்கள் தலைகீழாக அடுக்கிய இன்னொரு வில் மங்கலாகத் தெரிவதுண்டு. இரண்டுக்கும் நடுவே வானம் கறுத்திருக்கும். இதை அறியாதவர் அங்கே பார்க்கவே மாட்டார். நியூட்டன் எதைப் பறித்தார்?

கதை அதோடு முடியவில்லை. பட்டகம் பிரித்த சூரிய ஒளியில் இருக்கும் கருங்கோடுகளை 1814இல் ஃபிரான்ஹோஃபர் வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள் உண்டென்று 1859இல் கிர்க்காஃபும் புன்சனும் காட்டினார்கள். 1868இல் சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு, அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. அதுதான் ஹீலியம். பூமியில் அதை ராம்சே பிரித்தெடுத்தது 1895இல். 1909இல் நம் கொடைக்கானல் ஆய்வகத்தில், இத்தகைய கோடுகளின் நகர்வை வைத்தே, சூரியப் புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் கண்டறிந்தார். கவிதையைக் கொன்றதாகப் பழி சுமந்த பட்டகம் சூரியனையே நம் கைக்கெட்டச் செய்தது.

மாயம் நிறைந்த பழைய உலகுக்காக ஏங்குகிறவர்கள் அதன் மறுபக்கத்தையும் பார்க்கட்டும். சூனியக்காரி என்று பழி சுமத்திப் பெண்களைக் கொன்றதும் அதே உலகம்தான். கிரகணத்தன்று கர்ப்பிணிகளை அறைக்குள் அடைத்துவைப்பது நம் ஊரில் இன்னும் நடக்கிறது. விளங்காதது வியப்பை மட்டும் தருவதில்லை. அச்சத்தையும் தருகிறது, அந்த அச்சத்தை விற்றுப் பிழைப்பவனையும் வளர்க்கிறது.

வகுப்பறையில் அறிவியல் சலிப்பூட்டுகிறது என்பது மெய். வானத்தைக் காட்டாமல் ஏழு நிறங்களை மனப்பாடம் செய்ய வைத்தால் எந்தப் பிள்ளைக்கும் சலிக்கும். அது கற்பிக்கும் முறையின் குற்றம், அறிவின் குற்றமல்ல.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். மாலை மழை ஓய்ந்து வெயில் அடித்தால், பிள்ளைகளைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள். இரண்டாவது வில்லைத் தேடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். வியப்பு கெட்டுவிடுமோ என்று தயங்காதீர்கள்.