பட்டாளத்துக்காரர் எழுதும் மனு

டிசம்பர் 7 கொடி நாள். 1949 முதல் நடந்து வருகிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று நிறம். தரைப்படை, கடற்படை, விமானப்படைக்கு அடையாளம். உண்டியலில் காசு போடுகிறோம். கொடியைச் சட்டையில் குத்திக் கொள்கிறோம். மறுநாள் மறந்து விடுகிறோம்!

மதுரைச் சீமையில் உள்ள பழைய பட்டாளத்துக்காரர்கள் மறப்பதில்லை.

படைவீரர் ஒருவர் இறந்து விடுகிறார். மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வர வேண்டும். பட்டாளத்து ஏட்டில் அவர் பெயர் முத்தம்மாள் என்று வைத்துக் கொள்வோம். ஆதார் அட்டையிலோ முத்தம்மா! ஓர் எழுத்துக்காகப் பணம் நின்று போகும். கிராமத்தில் அந்த அம்மாள் யாரைக் கேட்பார்?

முன்னாள் படைவீரர் சங்கத்து ஹவில்தாரைத்தான். அவர்தான் மனு எழுதுகிறார். கூடவே அலைகிறார்.

இப்போது "ஸ்பர்ஷ்" என்று எல்லாம் கம்ப்யூட்டர் மயம். ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்குச் சான்று தர வேண்டும். களை எடுத்தே கைரேகை தேய்ந்த பாட்டிக்கு அது லேசான காரியமா?

மதுரையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளும் நடத்துகிறார்கள். நல்லதுதான். ஆனால் பேரையூர்ப் பக்கத்துப் பாட்டி பஸ் மாறி மாறி அல்லவா வர வேண்டும்?

தாலுகா ஆபீஸ்தோறும் மாதம் ஒரு நாள் சர்க்கார் இடம் கொடுக்கட்டும். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர் போதும். உட்கார ஆள் தேட வேண்டாம். அந்த ஹவில்தார்களே வருவார்கள். பஸ் சார்ஜை மட்டும் கொடுத்து விடுங்கள்.