விளையாட்டா, வினையா?

காலை ஏழு மணிக்கு மீன்காரரின் ஹாரன் சத்தம் கேட்டதும் காரக்கோணம் வட்டாரத்து வீடுகளில் முதலில் முற்றத்துக்கு ஓடி வருவது வீட்டுக்காரர்கள் அல்ல, பூனைகள். சாளையின் தலையும் அயிலையின் குடலும் யாருக்கு என்பதில் ஒரு பூனை உள்ள வீட்டில் தகராறு இல்லை. இரண்டாவது பூனை வந்த பிறகுதான் தகராறு.

இரண்டாவது பூனை காரணமில்லாமல் வருவதில்லை. விளையில் மரச்சீனியை எலி தோண்டுகிறது. பழைய பூனைக்கு வயதாகிவிட்டது. அடுப்படிச் சூட்டை விட்டு நகர மறுக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையிலிருந்து வரும் உறவினர் ஒருவர், கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டி ஒன்றைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்து விடுகிறார்.

முதல் நாள் பெரிய பூனை சீறும். மூன்றாம் நாள் குட்டி அதன் வாலைப் பிடித்துத் தொங்கும். பத்தாம் நாள் இரண்டும் கட்டிப்புரண்டு திண்ணையிலிருந்து உருளும், ரோமம் பறக்கும். பிரித்துவிடப் போன பையனின் முன்கையில் மூன்று சிவப்புக் கோடுகள் விழும். வீட்டுப் பாட்டி தாமதமின்றித் தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "இந்தச் சனியனைச் சாக்குல கெட்டி ஆத்துக்கு அக்கரையில களஞ்சிட்டு வா மக்கா."

இது ஒரு வீட்டுக் கதையல்ல. பூனை இரண்டாகிற எந்த வீட்டிலும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. தீர்ப்புக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. பையனின் கைக்கு என்ன செய்வது? பூனைகள் போட்டது சண்டையா, விளையாட்டா? முதல் கேள்வியில் ஓர் உயிர் இருக்கிறது. எனவே அது முதலில்.

முதலில் கை

பூனை பிறாண்டினால் நம் வீடுகளில் மஞ்சள் பற்று, காப்பித்தூள், சுண்ணாம்பு என்று கைக்குக் கிடைத்தது காயத்தில் ஏறும். இவை எதுவும் வேண்டாம். வேண்டியவை குழாய்த் தண்ணீரும் சோப்பும் 15 நிமிடப் பொறுமையும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது சடங்கல்ல. காயத்தில் கிருமி இருந்தால் அதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

அஞ்ச வேண்டிய கிருமி ரேபீஸ். வெறிநாய்க்கடி என்றே இந்த நோயைச் சொல்லிப் பழகியதால் பூனையை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் நாயிடம் கடிபட்ட பூனைக்கும் ரேபீஸ் வரும், அது மனிதருக்கும் தொற்றும். பூனை ஓயாமல் பாதத்தை நக்குவதால் எச்சில் நகத்திலும் இருக்கும். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அறிகுறி தோன்றுமுன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் அநேகமாக ஆபத்து இல்லை. இவ்வளவு சுத்தமாகக் கோடு கிழித்த நோய்கள் குறைவு.

கணக்கு இதுதான். ரத்தம் வராத சிறு பிறாண்டலுக்குத் தடுப்பூசி. ரத்தம் வந்தாலோ, பல் தோலைத் துளைத்தாலோ தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புப் புரத ஊசியும். 'வீட்டுப் பூனைதானே' என்பது பதிலாகாது. ராத்திரி மதிலேறிக் குதித்த வீட்டுப் பூனை எந்த நாயிடம் மாட்டியது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியாது. பிறாண்டிய பூனையைப் பத்து நாள் கவனிப்பது நல்லது. அது நலமாகவே இருந்தால் மிச்ச ஊசிகளைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு முதல் ஊசிக்குப் போகலாம் என்பது தவறு.

ஊசியைத் தள்ளிப்போடப் பலருக்கும் காரணம் பழைய பயம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற கதை இன்னும் ஓயவில்லை. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து இந்தியாவில் 2004-05 வாக்கிலேயே கைவிடப்பட்டது. இப்போது ஊசி தோள்பட்டைக்குக் கீழே, கையில். தோலுக்குள் போடும் முறையில் போட வேண்டிய நாட்கள் நான்கு: முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள்கள்.

காரக்கோணத்துக்காரர்களுக்கு மருத்துவமனை தொலைவும் இல்லை. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப் போன குழுக்களில் இருந்து, பிறகு குமரி மாவட்டத்து நெய்யூரில் நோயாளிகளுக்காகவே வாழ்ந்த டாக்டர் சாமர்வெல்லின் பெயரில் இந்த ஊரில் ஒரு மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. 'வெறும் பிறாண்டல்தானே' என்ற நினைப்புக்கும் வீட்டு வாசற்படிக்கும் இடையில்தான் தூரம் அதிகம்.

இன்னொன்றும் உண்டு. பிறாண்டிய ஓரிரு வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் பூனை பிறாண்டிய விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பூனைத் தெள்ளின் எச்சத்தில் உள்ள ஒரு பாக்டீரியா நகத்தின் வழியாக ஏறி இப்படிச் செய்வதுண்டு. சொல்லாவிட்டால் டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

இவை எல்லாம் வந்த பிறகு செய்வது. வருமுன் செய்ய வேண்டியது, குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவமனையில் ரேபீஸ் ஊசி. பிறகு டாக்டர் சொல்லும் தேதியில், பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை.

கட்டிப்புரண்டால் பயமில்லை

இனி இரண்டாவது கேள்வி. பூனைகள் மோதிக்கொள்வதை 2023ல் ஸ்லோவாக்கியாவையும் இங்கிலாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 105 வீடியோக்களை வைத்து, நொடி நொடியாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவை விளையாட்டு. ஒரு பகுதி நிஜச் சண்டை. நடுவில், விளையாட்டில் தொடங்கி எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஒரு ரகம்.

பார்த்தவுடன் பயமுறுத்தும் காட்சியான கட்டிப்புரளுதல்தான் விளையாட்டின் முக்கிய அடையாளம் என்பது ஆய்வில் தெரிந்தது. சத்தமும் விடாத துரத்தலுமே சண்டையின் அடையாளங்கள். அதாவது, மனிதர்கள் பிரித்துவிட ஓடுவது பெரும்பாலும் தவறான நேரத்தில்.

கவனிக்க வேண்டியவை சில. விளையாட்டில் சத்தம் அநேகமாக இருக்காது. ஒரு முறை ஒன்று கீழே கிடந்தால் அடுத்த முறை மற்றது கிடக்கும். துரத்துகிறவரும் ஓடுகிறவரும் மாறிக்கொண்டே இருப்பார்கள். இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு இரண்டுமே திரும்ப வரும். சண்டை என்றால் காது பின்னால் தலையோடு ஒட்டிக்கொள்ளும். ரோமம் சிலிர்த்து வால் தடிக்கும். உறுமல், சீறல், அடித்தொண்டையில் நீளமான ஓலம் வரும். ஒரே பூனைதான் எப்போதும் துரத்தும். மற்றது ஒளிய இடம் தேடும்.

சத்தமே இல்லாத சண்டையும் உண்டு. பெரிய பூனை அடுக்களை வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும். குட்டி தண்ணீர்க் கிண்ணத்துக்கு வரப் பார்த்து, அதன் பார்வையைக் கண்டு திரும்பிவிடும். அடி விழவில்லை, நகம் நீளவில்லை. ஆனால் ஒன்று மற்றதைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டார் 'ரெண்டும் இப்ப சமாதானம்' என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

நிஜச் சண்டையில் கையை நுழைக்கக் கூடாது. அடிப்பதும் வெந்நீர் வீசுவதும் பகையை வளர்க்கும், நிறுத்தாது. தடித்த அட்டையையோ முறத்தையோ இரண்டுக்கும் நடுவில் இறக்கி ஒன்றை வேறு அறைக்கு ஒதுக்கலாம். பிரிந்ததும் தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். சண்டையின் சூடு தணிய மணிக்கணக்காகும். அதுவரை கையில் அகப்படும் யாரும் பூனைக்கு எதிரிதான்.

குட்டி கற்காத பாடம்

பூனைக்குட்டிக்கும் பள்ளிக்கூடம் உண்டு. கூடப் பிறந்தவற்றோடு புரளும்போது அழுத்திக் கடித்தால் மற்றது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாய் முகத்தில் ஒரு தட்டுத் தட்டும். எவ்வளவு கடித்தால் விளையாட்டு, எவ்வளவு கடித்தால் வினை என்பதைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. ஒரு மாதத்தில் தாயிடமிருந்து எடுத்துக் கூடையில் வைத்தால் அது பாதிப் பாடத்தில் பள்ளியை விட்ட பிள்ளை. பின்லாந்தில் ஏறத்தாழ 6,000 பூனைகளை வைத்து 2017ல் வெளியான ஆய்வில், எட்டு வாரத்துக்கு முன் பிரிக்கப்பட்ட பூனைகளிடம் மூர்க்கம் அதிகம் என்று தெரிந்தது. குட்டி கொண்டுவரும் உறவினரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இன்னும் ஒரு மாதம் கழித்துக் கொண்டு வாருங்கள்.

வந்துவிட்ட குட்டியை மனிதர்களும் கெடுக்கிறார்கள். விரலை ஆட்டி, அதைப் பிடித்துக் கடிக்கவைத்து ரசித்தால், கை என்பது இரை என்று அது முடிவுகட்டிவிடும். ஈர்க்குச்சி நுனியில் நூலும் கோழி இறகும் கட்டி ஆட்டினால் போதும். காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் அதன் பின்னால் ஓடிய குட்டிக்குக் கிழப்பூனையின் வாலில் அவ்வளவு ஆசை இருக்காது. விளையாடி முடித்ததும் நூலை எடுத்து வைத்துவிட வேண்டும், விழுங்கினால் குடலைச் சுற்றிவிடும்.

பாகப்பிரிவினை

கூட்டுக்குடும்பத்தில் சண்டை தீர அடுப்பைப் பிரித்த கதைதான் இங்கேயும். பூனை கூட்டமாக வேட்டையாடும் பிராணி அல்ல. தனக்கென ஓர் எல்லை, தனியாகச் சாப்பாடு என்று வாழ்ந்த காட்டுப்பூனையின் வழிவந்தது. இரண்டுக்கும் ஒரே தட்டில் மீன் தலை வைப்பது பாசமல்ல, பந்தயம். தட்டுகள் தனியாக, ஒன்றையொன்று பார்க்காத இடங்களில் இருக்கட்டும். மண் பெட்டி வைக்கும் வீட்டில், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு.

உயரமும் ஒரு சொத்து. பரண், அலமாரி மேல்தட்டு, ஜன்னல் திண்டு என்று ஏறி உட்கார இடமிருந்தால் பலவீனமான பூனை ஓடி ஒளிய வேண்டியதில்லை; மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும். புதுப் பூனையை முதல் ஒரு வாரமாவது தனி அறையில் வைப்பது நல்லது. ஒன்று படுத்த துணியை மற்றதன் படுக்கையில் போட்டால், ஆளைப் பார்க்கும் முன்பே வாடை பழகிவிடும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. சீறல் நின்ற பிறகுதான் கதவு திறக்க வேண்டும்.

நகத்துக்கும் வழி உண்டு. பூனை கட்டிலையும் கதவையும் பிறாண்டுவது நகத்தின் பழைய உறையை உரிக்கவும், தன் வாடையைப் பதிக்கவும். தடுக்க முடியாது, இடம் மாற்றலாம். கடைக்குப் போக வேண்டியதில்லை. பூனை எழுந்து நின்று உடலை நீட்டும் உயரத்துக்கு ஒரு தென்னந்தடியை ஆடாமல் நிறுத்தி, தேங்காய் நார்க் கயிற்றை இறுக்கிச் சுற்றினால் ஆயிற்று. அதைப் பூனை தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். வளைந்த நுனியை மட்டும் நகவெட்டியால் இரு வாரத்துக்கு ஒருமுறை வெட்டலாம்; உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் வெட்டு விழுந்தால் ரத்தம் வரும், வலிக்கும்.

நகத்தை அடியோடு எடுத்துவிடும் அறுவை சில நாடுகளில் இருந்தது. அது நகத்தை அல்ல, விரலின் கடைசி எலும்பையே வெட்டுவது. இங்கிலாந்து உட்படப் பல நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. நியூயார்க் மாநிலம் 2019ல் தடை செய்தது.

ஒரு அறுவை, ஒரு மாத்திரை

இரண்டும் வளர்ந்த கடுவன்கள் என்றால் தட்டைப் பிரித்து மட்டும் தீராது. கருத்தடை அறுவை செய்த கடுவன்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் சண்டை குறைந்ததாக 1973ல் அமெரிக்காவில் வந்த ஆய்வு சொன்னது. ஐந்தாறு மாத வயதில் செய்துவிடலாம். பெட்டைக்கும் செய்தால், இரண்டு பூனை ஆறாகி, அந்த ஆறும் கூடையில் ஏறி வேறு வீடுகளுக்குப் போகும் கதையும் நிற்கும்.

சண்டையில் பட்ட கடி வெளியே ஊசித் துளையாகத்தான் தெரியும். தோல் மேலே மூடிக்கொள்ள, உள்ளே இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். பூனை சாப்பிடாமல் மூலையில் சுருண்டால் ரோமத்தை விலக்கிப் பார்க்க வேண்டும். வீங்கியிருந்தால் கால்நடை டாக்டரிடம் போக வேண்டும். காய்ச்சல் அடிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் மாத்திரையில் பாதியை உடைத்துப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த மருந்தை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். எதிரியின் பல் செய்யாததை எஜமானரின் அன்பு செய்துவிடும்.

பாட்டியின் சாக்கு விஷயம் மிச்சமிருக்கிறது. துன்பப்படும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும். ஆற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை, அங்குள்ள பூனைகளோடும் நாய்களோடும் சண்டையிட்டு, ஊசி போடாத உடம்போடு இன்னொரு வீட்டுத் திண்ணையில் ஏறும். அந்த வீட்டிலும் பிரித்துவிடப் போகிற ஒரு பையன் இருப்பான்.

கேரளம், தமிழ்நாடு என்று 1956ல் இந்தப் பகுதியில் கோடு போட்டார்கள். இரு பக்கத்தாரும் அதைத் தாண்டிப் பெண் கொடுத்து, பெண் எடுத்து, மீன் வாங்கி, குட்டி கொண்டுவந்து வாழப் பழகிவிட்டார்கள். அடுக்களைக்கும் திண்ணைக்கும் நடுவே ஒரு கோடு போட்டுக்கொடுத்தால் பூனைகளும் பழகிவிடும். கொஞ்ச நாளாகும், இரண்டு தட்டும் ஒரு தென்னந்தடியும் ஆகும். சாக்கு மரச்சீனி கட்டவே இருக்கட்டும்.