கேசட்டின் மறுபக்கம்



சென்ற மாதம் எங்கள் உறவினர் வீட்டு நிக்காஹ்வில், சஹன் விரிப்பதற்கு முன்னர் கிடைத்த சிறிது நேரத்தில் ஒரு வழக்கு எழுந்தது. இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியைச் சிறிய புளூடூத் ஒலிபெருக்கியுடன் இணைத்து, மர்ஹூம் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டார். முதல் அடி முடியுமுன்னே எங்கள் சாச்சா எழுந்து வந்துவிட்டார்.

“தம்பி, நிப்பாட்டு. இது ஹனிபா குரலே இல்ல.”

“அவர்தான் சாச்சா. பேரு போட்டிருக்கு பாருங்க.”

“பேரு யார் வேணும்னாலும் போடலாம். நான் அவர் கச்சேரியைப் பக்கத்துல உக்காந்து கேட்டவன்.”

அங்கிருந்தவர்கள் உடனே இரு கட்சியாகப் பிரிந்தனர். கேசட் காலத்தோடு குரலின் கம்பீரம் போயிற்று என்றது ஒரு கட்சி. அதே ஒலிப்பதிவுதான், இரைச்சல் நீங்கித் தெளிவாக இருப்பதால் பெரியவர்களுக்கு அந்நியமாகத் தோன்றுகிறது என்றது மற்றொன்று. சஹன் வந்த பிறகும் வழக்கு ஓயவில்லை.

இத்தகைய வாதங்களை நாம் சிரித்துக் கடந்து விடுகிறோம். ஆனால் அன்றிரவு அந்த இளைஞர் சிரமம் எடுத்துத் தேடியபோது, அதே பாடல் இணையத்தில் மூன்று வேறு இடங்களில் மூன்று வேறு சுருதிகளில் கிடைத்தது. சாச்சா சொன்னதும் சரி, இளைஞர் சொன்னதும் சரி. குரல் ஹனிபாவுடையது, வேகம் அவருடையதன்று.

காரணம் எளிது. கேசட்டின் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். நம் வீடுகளில் ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கிப் பதிந்துகொண்ட காலத்தில், பேட்டரி தளர்ந்த பெட்டியில் பதிந்தால் நாடா மெதுவாக நகரும். பின்பு சரியான பெட்டியில் போட்டால் பாட்டு விரைந்து, குரல் கீச்சென்று ஒலிக்கும். ஆறு விழுக்காடு வேகம் கூடினாலே சுருதி ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும். அப்படிப் பிறழ்ந்த ஒரு நாடாவை எவரோ கணினிக்கு மாற்றி வலையேற்றிவிட்டால், இன்றைய பிள்ளைகளுக்கு அதுவே மூலம். போதாக்குறைக்கு, உரிமைச் சிக்கலைக் கண்டறியும் மென்பொருளிடமிருந்து தப்புவதற்காக வேண்டுமென்றே சுருதியை மாற்றி ஏற்றுவோரும் உள்ளனர்.

இசைக்கருவிகள் கூடுமா, கூடாதா என்னும் மார்க்க விவாதம் வேறு. அதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறோம். அந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நிற்போரின் வீட்டிலும் இந்தப் பாடல்கள் ஒரு காலத்தில் ஒலித்தன என்பதை மட்டும் மறுக்க இயலாது.

ஊடகம் மாறும்போதெல்லாம் ரசிகர்கள் சண்டையிட்டிருக்கின்றனர். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே இடமுண்டு. மேடையில் கால் மணி நேரம் விரித்துப் பாடக்கூடியதை அந்த அரக்குத் தட்டுக்குள் அடக்கியாக வேண்டும். (அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்தே உலகெங்கும் சென்றது என்பது பலருக்கு வியப்பளிக்கும்.) ஆகவே கச்சேரி கேட்டவர் தட்டை மதிக்கவில்லை. தட்டில் கேட்டுப் பழகியவருக்கு மேடைப் பாட்டு நீளமாகத் தோன்றியது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியில் அலையோடு அலையாக ஏறி இறங்கிக் கேட்டதுதான் பாட்டு என்று சொல்லும் மூன்றாம் சாராரும் நம் கடற்கரை ஊர்களில் இருந்தனர்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய கேசட், நம் சமுதாய வீடுகளுக்குள் பெரும் அளவில் நுழைந்தது வளைகுடாவுக்குப் போனவர்கள் வழியாக. சபர் முடிந்து வருபவர் கொண்டுவரும் டூ-இன்-ஒன், கம்பளி, அத்தர் ஆகியவற்றோடு ஒரு கட்டு வெற்றுக் கேசட்டும் வரும். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். தொண்ணூறு நிமிடக் கேசட் விலை கூடுதல், நாடா மெல்லியது, அடிக்கடி சிக்கும். சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றிச் சரிசெய்வது அன்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளையின் பொறுப்பாக இருந்தது.

கேசட்டின் ஒலி மேலானது என்று வாதிடுவோருடன் எங்களுக்கு உடன்பாடில்லை. அதில் சீறல் உண்டு. நாடா சுருளில் நெருங்கிக் கிடப்பதால் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெல்லப் படிந்து, பாட்டுத் தொடங்குமுன்பே பாட்டின் நிழல் கேட்பதும் உண்டு. அவர்கள் இழந்ததாக வருந்துவது ஒலியை அன்று. அஸருக்குப் பின் திண்ணையில் அந்தப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த மனிதர்களை என்றே கருதுகிறோம். அதை எந்தத் தொழில்நுட்பமும் திருப்பித் தராது. எனினும் இளைஞர்கள் கைப்பேசியில் காதுகளை மூடிக்கொண்டு தனித்துக் கேட்பதைப் பழிக்கும் பெரியவர்கள், நம் வீட்டுப் பெண்கள் சமையற்கட்டில் தங்களுக்கு விருப்பமானதைத் தாங்களே தேர்ந்து கேட்பது கைப்பேசி வந்த பிறகுதான் எளிதாயிற்று என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த டூ-இன்-ஒன் பெட்டியின் பொத்தான் யார் கையில் இருந்தது?

ஆனால் ஒரு விஷயத்தில் கேசட் கட்சியினரோடு நாம் நிற்கிறோம். கேசட்டின் பெட்டிக்குள் மடித்து வைத்த ஓர் அட்டை இருக்கும். அதில் பாடல்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் இயற்றியவர் பெயரையும் இட்டிருக்கும். இன்று அந்தப் பாடல்கள் இணையத்தில் ஹனிபாவின் பெயரை மட்டுமே சுமந்து வருகின்றன. சாதி சமயம் கடந்து தமிழர் அனைவரும் அறிந்த ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடலைப் பாடியவர் யார் என்று கேட்டால் குழந்தையும் சொல்லும். எழுதியவர் கிளியனூர் அப்துல் சலாம் என்பதை எத்தனை பேர் சொல்வர்? புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் போன்றோர் எழுதிய பாடல்களின் நிலையும் இதுவே. பாடகரின் புகழுக்கு இதனால் குறைவில்லை. எழுதியவருக்கோ பெயர் ஒன்றுதான் கூலி, அதுவும் பறிபோகிறது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டுகள். பாடலின் உரிமையோ எழுதியவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள். 1960இல் வெளியான தட்டின் ஒலிப்பதிவுரிமை 2020 இறுதியில் முடிந்துவிட்டாலும், பாட்டு அதை எழுதிய கவிஞரின் வாரிசுகளுக்கு உரியதாக இருக்கக்கூடும். உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று கோரும் உரிமை படைத்தவனுக்கு உண்டு என்று அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு சொல்கிறது. பாடலை வலையேற்றும் நம் பிள்ளைகள் ஒரு வரி கூடுதலாகத் தட்டச்சு செய்தால் அந்தக் கோரிக்கை நிறைவேறிவிடும்.

இப்போது வாதம் இன்னொரு படி ஏறியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு வெளியான ‘லால் சலாம்’ திரைப்படத்தின் ஒரு பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஏ.ஆர். ரஹ்மான் பயன்படுத்தினார். ஷாகுல் ஹமீது நம்மவர். 1990களின் இறுதியில் விபத்தில் மறைந்தவர். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் அனுப்பியதாக ரஹ்மான் அறிவித்தார். அது முறையான செயல். ஆயினும் அனுமதி கேட்கும் பழக்கமுள்ள ஒருவர் செய்ததை, கேளாத நூறு பேர் நாளை செய்வர். ஹனிபா பாடாத பாட்டை ஹனிபா பாடுவதாக ஒரு பேரப்பிள்ளை கொண்டுவந்து காட்டினால், ‘இது அவர் குரல் இல்லை’ என்று அடித்துச் சொல்ல அப்போது யார் இருப்பார்? ஹனிபா 2015 ஏப்ரல் 8 அன்று மறைந்தார். அவரை அருகிருந்து கேட்ட செவிகளும் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன.

இதை நாங்கள் பொதுவாகச் சொல்லவில்லை. நிக்காஹ் வீட்டு வழக்கில் தோற்க மனமில்லாத சாச்சா, மறுவாரம் தம் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். உள்ளே முப்பதுக்கு மேற்பட்ட கேசட்டுகள். சிலவற்றில் வெள்ளைப் பூஞ்சை. ‘நாகூர் ஹனிபா, பாகம் 2’ என்று எங்கள் வாப்பாவின் கையெழுத்தில் இருந்த ஒன்றைப் போட்டோம். ஒரு பக்கம் பாட்டு. மறுபக்கத்தைத் திருப்பினால் திரைப்படப் பாடல்கள். எங்களில் ஒருவர்தாம் சிறு வயதில் பதிந்திருக்க வேண்டும். அவை முடிந்து ஒரு ‘டக்’ ஒலி. அதன்பின் வாப்பாவின் குரல்.

தொலைபேசி எட்டாத காலத்தில் சவூதியிலிருந்து கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவரிடம் கொடுத்து அனுப்புவார்கள். நம் வாசகர்களில் பலர் வீட்டுக்கும் அப்படி வந்திருக்கும். உம்மா அதைப் பலமுறை கேட்டிருக்கிறார். நாங்கள் அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்திருக்கிறோம். கேசட்டின் முதுகில் இரு சிறு பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. வாப்பா உடைத்துத்தான் அனுப்பியிருந்தார். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டப்பட்டிருந்தது.

எஞ்சியது நான்கு நிமிடம்.

இந்த நாடாக்கள் இனி நெடுங்காலம் தாங்கா. காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தில் இளகும். நம் கடற்கரைக் காற்றுக்கு அதைவிடப் பகை வேறில்லை. செய்ய வேண்டியது பெரிய வேலையன்று. நன்றாக ஓடும் பெட்டி ஒன்று வேண்டும். அதன் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைக்க வேண்டும். பூஞ்சை படிந்த கேசட்டை முதலில் போட்டுவிடக் கூடாது, அது பெட்டியையும் கெடுத்து அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். கணினியில் பதியும்போது ‘வேவ்’ வடிவில் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்பி இடம் பிடிக்கும். எம்பி3 அதில் பத்தில் ஒரு பங்குதான், வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும், ஆனால் சேமிக்கும் மூலப்படி அதுவாக இருக்கலாகாது. கேசட்டின் அட்டையையும் இரு பக்கமும் படம் எடுத்து உடன் வையுங்கள். ஊர் மீலாது மேடைகளிலும் கல்யாணக் கச்சேரிகளிலும் பதிந்த, எந்தக் கடையிலும் விற்காத பாடல்கள் அகப்பட்டால் அவை ஒரு வீட்டுச் சொத்தன்று. இலங்கையில் இருப்போர் 2005 முதல் இயங்கிவரும் நூலகம் நிறுவனத்தை அணுகலாம். வீட்டுக் குரல்களை மட்டும் வலையேற்றிவிடாதீர்கள். அவை வீட்டுக்குள் பேசியவை.

அந்த நான்கு நிமிடத்தை அதே இளைஞர்தாம் கணினிக்கு மாற்றித் தந்தார். உம்மாவையும் சாச்சாவையும் பக்கத்தில் அமர்த்திக் கேட்கச் செய்தோம். பத்து நொடி போயிருக்கும். சாச்சா கையைத் தூக்கினார்.

“என் காக்கா இப்படிக் கீச்சுக் குரல்ல பேச மாட்டார். வேகத்தைக் குறை.”

இளைஞர் இரண்டு விழுக்காடு குறைத்தார். “இன்னும்” என்றார் சாச்சா. மூன்று. நான்கு. எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை. வாப்பாவின் குரலை நாங்கள் கேட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாச்சா இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அதுவரை பேசாதிருந்த உம்மா, “போதும், இதுதான்” என்றார்.

சாச்சா மறுத்துப் பேசவில்லை. இளைஞர் அந்த எண்ணைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதிவைத்தார்.